மருதாயிக்கு நினைவில்லை

2 ஜூன் 2019, ஞாயிறு

நூலக மாடியில் கோபி வாசகர் வட்டக் கூட்டம். பதினான்கு பேர். மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் ஓடியது. அதன் கீழ் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம்.

வே. கார்மேகநாதன் இறந்து வருகிற 23ஆம் தேதியோடு ஓராண்டு. நினைவுக் கூட்டத்தில் அவருடைய கடைசிக் கதையான ‘ஒரு மணி வண்டி’யைப் பேசலாம் என்றார் செயலாளர் தங்கமுத்து. சொல்லி முடிப்பதற்குள் ஆளாளுக்குத் தலையாட்டி மறுத்தார்கள். கல்லூரியில் தமிழ் நடத்தும் சௌந்தரி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

“அவரோட நூத்திப்பத்துக் கதையில அதுதான் மோசமான கதைங்க. நினைவு நாள்ல அதையா எடுக்கறது?”

“அந்தக் கதைக்காக நான் பேசறேன்” என்றேன். ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. முப்பது வருடமாக அவரைப் படிக்கிறவன். பதினோரு கடிதம் எழுதியிருக்கிறேன், நான்குக்குப் பதில் போட்டிருக்கிறார். அவர் கதைக்குப் பரிந்து பேச வேறு யார் இருக்கிறார்கள்.

மனைவி ருக்குமணிக்குக் கண் புரை அறுவை முடிந்து ஒன்பதாம் நாள். நான்கு வேளையும் சொட்டு மருந்து விட்டாயிற்று.

5 ஜூன், புதன்

கதை தெரியாதவர்களும் வருவார்கள். பேச்சின் தொடக்கத்தில் படிக்க ஒரு சுருக்கம் எழுதினேன்.

நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்த நஞ்சப்பன், முப்பது ஆண்டுகளுக்கு முன் எல்லோர் எதிரிலும் தான் கன்னத்தில் அறைந்த மருதாயியைத் தேடி அவள் ஊருக்குப் போகிறான். பதினொரு மணிக்கு இறங்குகிறான். திரும்பும் வண்டி ஒரு மணிக்கு. தான் யார், என்ன செய்தேன் என்று சொல்கிறான். அவள், “எனக்கு நினைவில்லைங்களே” என்கிறாள். பிறகு இரண்டு மணி நேரம் கோழி, கிணறு, மழை என்று பேச்சு போகிறது. சோறு போடுகிறாள். சாப்பிட்டுவிட்டு அவன் வண்டி ஏறுகிறான். அவன் சாப்பிட்ட தட்டை அவள் இரண்டு முறை கழுவுகிறாள். அவ்வளவுதான் கதை.

கதை வெளிவந்தபோது எல்லோரும் திட்டினார்கள். ஒன்றுமே நடக்காத கதை என்றார்கள். கோழிக்கு இரண்டு பக்கம் எதற்கு என்றார்கள். தொழிலாளிக்காக எழுதியவர் கடைசியில் மேஸ்திரிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் கட்டுரையே எழுதினார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் கட்சி இதுதான்: மருதாயி மறக்கவில்லை. பொய் சொல்கிறாள். மன்னிப்புக் கேட்கிற வசதியைக்கூட அவனுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. சாட்சி, அந்தத் தட்டு.

8 ஜூன், சனி

ஈரோட்டுக் கண் மருத்துவமனை. வழக்கம்போலப் பெருந்துறை சுற்றிப் போனோம்.

“ஏனுங்க, கவுந்தப்பாடி வழியாப் போனா ஒரு மணி நேரத்துல போயிருக்கலாம்ல” என்றாள் ருக்குமணி.

“அந்த ரோடு குலுக்கும். உன் கண்ணுக்கு ஆகாது.”

“கண்ணு இப்பத்தான இப்படி. நீங்க பத்து வருசமாச் சுத்தித்தான் போறீங்க.”

ஜன்னல் ஓரம் வெயில் அடிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். டாக்டர் ஒரு சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். இனி இரண்டு வேளை போதும்.

11 ஜூன், செவ்வாய்

நான்கு பக்கம் எழுதியாயிற்று. மருதாயியைப் பற்றிய பகுதி சரளமாக வந்தது. ‘நஞ்சப்பன் எதற்காகப் போனான்?’ என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டேன். கீழே ஒன்றும் வரவில்லை. கார்மேகநாதனும் காரணம் சொல்லவில்லை. ஒரு நாள் காலை சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான் என்றுதான் இருக்கிறது.

12 ஜூன்

மோட்டார் காயில் போய்விட்டது. நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை.

17 ஜூன், திங்கள்

பக்கத்து வீட்டம்மா தோசை மாவு கொண்டுவந்து கொடுத்தார். கவுந்தப்பாடியில் வாங்கியதாம்.

“அந்த மாவுக்கடைக்காரி உங்ககிட்டப் படிச்ச புள்ளையாமா. மயிலாத்தாளாம் பேரு” என்றாள் ருக்குமணி.

“முப்பத்தஞ்சு வருசம் கணக்கு நடத்தினேன். எத்தனையோ பேர் படிச்சாங்க.”

தோசை நன்றாகவே வந்திருந்தது. இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

23 ஜூன், ஞாயிறு

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் கீழிருந்து பெஞ்ச் தூக்கிவந்தோம். நான் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். தட்டை இரண்டாம் முறை கழுவுகிற வரியைப் படித்தபோது கூட்டம் அசையாமல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் “அட” என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சௌந்தரி எழுந்தாள். கையில் புத்தகம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சீட்டு வைத்திருந்தாள்.

“ஐயா, நீங்க சொல்றபடியே அவ பொய் சொல்றான்னு வெச்சுக்குவோம். அடிச்சவன் மனசுக்குப் பதினெட்டுப் பக்கம் கொடுத்திருக்காரு. அடிபட்டவ மனசுக்கு ஒரே ஒரு தட்டுத்தான் கொடுத்திருக்காரு. இது என்னங்க நியாயம்?”

“கடைசித் தட்டு ஒண்ணைத் தவிர, கதையே அவன் கண்ணு வழியாத்தானே போகுது” என்றேன்.

“அதைத்தான் நானும் சொல்றேன். நினைவில்லைன்னு அவ சொன்னா யாருக்கு வசதி? அவனுக்குத்தான்.”

“அவன்தான் மறக்கலையேம்மா. முப்பது வருசம் கழிச்சுத் தேடிட்டு வர்றானே.”

“அறைஞ்சதை மறக்கலைங்க. அது அவனுக்கு ஞாபகம் இருக்கு. வேற என்னென்ன செஞ்சான்னு அவளைக் கேட்டாத்தானே தெரியும்? அவன் கேட்டானா?”

நான் புத்தகத்தைப் புரட்டினேன். கண்ணாடி போட்டிருந்தும் எழுத்து நகர்ந்தது. தங்கமுத்து சமாளித்து, தேநீர் வந்துவிட்டது என்று அறிவித்தார்.

கலைகிறபோது என் பேச்சைக் கட்டுரையாக்கி வட்டத்தின் ஆண்டு மலருக்குத் தரச் சொன்னார். ஜூலை 15க்குள் வேண்டுமாம்.

24 ஜூன், திங்கள்

எண்ணிப் பார்த்தேன். பதினெட்டுப் பக்கத்தில் நஞ்சப்பன் மருதாயியிடம் நான்கு கேள்வி கேட்கிறான். கோழி எத்தனை, கிணற்றில் தண்ணீர் உண்டா, மகன் எங்கே வேலை, வண்டி சரியான நேரத்துக்கு வருமா. அவளைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

இந்தக் கதையை இருபது தடவையாவது படித்திருப்பேன். சௌந்தரி சொல்லித்தான் தெரிகிறது.

26 ஜூன், புதன்

எழுதிவிடுவது நல்லது.

1991 டிசம்பர், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. நான் மேற்பார்வை. மயிலாத்தாளின் மேசைக்குக் கீழே ஒரு சீட்டு கிடந்தது. அதில் ஏழாவது கணக்கு, இருபடிச் சமன்பாடு. எடுத்தேன். அவளை எழுப்பி நிறுத்தினேன். தான் இல்லை என்றாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று பட்டது. விடைத்தாளை வாங்கி நாலாகக் கிழித்தேன். நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. அரசுத் தேர்வும் எழுதவில்லை.

அந்தக் காலத்தில் எல்லா ஆசிரியர்களும் இப்படித்தான் இருந்தோம்.

27 ஜூன், வியாழன்

நேற்று எழுதியது முழுக் கணக்கு இல்லை.

அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் எடுத்துப் பார்த்தேன். காரணிப்படுத்தும் முறையில் போட்டிருந்தது. ஒரு குறி மாறியதால் விடை தவறு. கிழித்த தாளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து மேசைமேல் சேர்த்து வைத்தேன். மயிலாத்தாள் அதைப் பார்க்கவே இல்லை. அவள் வர்க்கப் பூர்த்தி முறையில் போட்டிருந்தாள். விடை சரி. அந்த முறையை அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் புரிந்துகொண்டிருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியரிடம் சொல்லியாயிற்று, பதிவேட்டிலும் ஏறிவிட்டது. காலையில் போய் நான் தவறு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். பிறகு விடுமுறை வந்துவிட்டது.

ருக்குமணிக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

30 ஜூன், ஞாயிறு

கவுந்தப்பாடிக்குப் போனேன். பத்து வருடத்துக்கு முன் அங்கே அவள் கடை போட்டதாகக் கேள்விப்பட்ட பிறகு இப்போதுதான். பேருந்தில் அரை மணி நேரம்தான்.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்தைக்குப் போகிற தெருவில், வாசலில் வாளிகளோடு நாலைந்து பேர் நின்றார்கள். உள்ளே பெரிய கிரைண்டர்கள் மூன்று. மயிலாத்தாளுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“கணக்கு சாருங்களா?”

“ஆமாம்மா.”

“உள்ள வாங்க. நிக்கறவங்களுக்குப் போட்டுட்டு வந்தர்றேன்.”

நினைவில்லை என்று சொல்லிவிடுவாள் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்திருந்தேன். அது வீணாயிற்று.

கூட்டம் குறைந்ததும் எதிரில் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன். எல்லார் முன்னாலும் தாளைக் கிழித்தது தவறு, மன்னித்துக்கொள் என்றேன். அவள் துண்டை அவிழ்த்து மடியில் மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அது எனக்குப் பெருசாத் தெரியலைங்க சார். அப்ப எல்லா வாத்தியாரும் கிழிப்பாங்க, அடிப்பாங்க. எங்கப்பா வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

“உங்கப்பாவா?”

“நீங்கதான் கூட்டிட்டு வரச் சொன்னீங்க. மறுநா காலைல ஒம்பது மணிக்கு வந்தாரு. கூலி வேலையை விட்டுட்டு. செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னாரு. நீங்க ஒவ்வொரு வகுப்பா போய் வந்துட்டே இருந்தீங்க. மத்தியானம் சாப்புட்டு, கை கழுவ வெளிய வந்தீங்க. அவரு கும்புட்டாரு. நீங்க கைய ஒதறுனீங்க. தண்ணி அவரு மேல தெறிச்சுது. ‘உன்ற புள்ள திருடி. மாடு மேய்க்க அனுப்பு’ன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டீங்க.”

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். கொடிக்கம்பம் வந்தது. பள்ளிக் குழாய் வந்தது. அந்த மனிதர் வரவில்லை. இப்போதும், இதை எழுதுகிறபோதும், வரவில்லை.

“வர்ற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலைங்க. ஊரு வந்ததும், லீவு வரைக்கும் போ, அதுக்கப்புறம் போவ வேண்டாம்னாரு.”

பேசாமல் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பாதி உண்மையோடு திரும்பக் கூடாது என்று பட்டது. சீட்டில் இருந்த விடை தவறு, நீ போட்டது சரி, அன்று சாயங்காலமே எனக்குத் தெரியும் என்றேன்.

அவள் முகம் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது.

“அன்னிக்கேவா?”

“அன்னிக்கே.”

“இத்தன வருசமா நீங்க தெரியாமத் தப்புப் பண்ணிட்டீங்கன்னுதான் சார் நெனச்சிருந்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்னு எம் பசங்ககிட்டக்கூடச் சொல்லியிருக்கேன்.”

ஒரு பெண்மணி வாளியை நீட்டினார். மயிலாத்தாள் எழுந்து போய் மாவு ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

“மன்னிக்கறதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியலைங்க. ஒண்ணு மட்டும் செய்யுங்க. எங்கப்பா இன்னும் இருக்காரு. எம்பத்திரண்டு வயசாச்சு. நான் பாத்து எழுதுனேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நம்பிட்டிருக்காரு. வாத்தியாரே சொன்னாரில்ல. நான் இல்லைன்னு சொல்லிச் சொல்லி அலுத்து உட்டுட்டேன். அவருகிட்டச் சொல்லுங்க. தம்பி வூட்டுக்குப் போயிருக்காரு, அடுத்த ஞாயித்துக்கெழமை இங்க இருப்பாரு.”

“வர்றேன்” என்றேன்.

“காது மந்தமுங்க. சத்தமாச் சொல்லோணும்.”

1 ஜூலை

ருக்குமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொட்டு மருந்து விட்டிருந்ததால் கண்ணை மூடியபடியே கேட்டாள். கடைசியில், “அதுக்குத்தான் அவ்வளவு தூரம் சுத்துனீங்களா?” என்றாள்.

3 ஜூலை, புதன்

கட்டுரையைத் திரும்ப எழுதினேன். பழைய நான்கு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது.

‘ஒரு மணி வண்டி’ நல்ல கதை என்றுதான் இப்போதும் எழுதியிருக்கிறேன். காரணம் மட்டும் வேறு. நஞ்சப்பன் தன் நெஞ்சில் உள்ளதை இறக்கிவைக்கப் போகிறான். தான் செய்த ஒரு காரியத்தைத் தானே தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறான். மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவு அவனுக்கு இல்லை. அதனால்தான் கோழியைப் பற்றி இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கம் கதையின் தொய்வு அல்ல, அவனுடைய பயம். அவன் மனதுக்குப் பதினெட்டுப் பக்கம் கொடுத்த கார்மேகநாதன், அந்தப் பதினெட்டிலும் அவனுக்கு ஓர் ஆறுதல்கூடத் தரவில்லை. விடுதலைப் பத்திரம் எழுதுகிறவர் இப்படி எழுதமாட்டார். மருதாயி மறந்தாளா, பொய் சொன்னாளா என்று தீர்ப்புச் சொன்ன என் பேச்சையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதை அறிந்துகொள்ளும் உரிமை அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ஒரு குறையையும் எழுதினேன். அந்த வீட்டில் இரண்டு பேர் மட்டும்தான் இருக்கிறார்கள். அறை விழுந்தது மருதாயியின் கன்னத்தில் மட்டும் என்று கார்மேகநாதனும் நம்பிவிட்டார். அவளைப் பெற்றவர் கதைக்குள் வரவே இல்லை, மகனும் ஒரு கேள்வியோடு சரி. முப்பது வருடம் நான் நேசித்த எழுத்தாளரைப் பற்றி இதை எழுத ஒரு பகல் முழுக்க ஆயிற்று. பிறகு அந்த வரிகளை அடித்துவிடாமல் அப்படியே விட்டேன்.

5 ஜூலை, வெள்ளி

கட்டுரையைத் தங்கமுத்துவுக்கு அனுப்புமுன் சௌந்தரியிடம் கொடுத்திருந்தேன். மத்தியானம் போன் செய்தாள்.

“முழுசா ஒத்துக்க முடியலைங்க ஐயா. தட்டுக்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கு. ஆனா அந்தக் கோழிப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். வேற மாதிரித்தான் இருக்கு.”

“அது போதும்மா.”

“கேட்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு வாரத்துல எப்படிங்க இவ்வளவு மாத்தி எழுதினீங்க?”

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒருத்தரிடம் பதில் கிடைத்தது என்றேன்.

7 ஜூலை, ஞாயிறு

ருக்குமணியும் வருகிறேன் என்றாள். தூசி படும் என்று சொல்லிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மயிலாத்தாளின் அப்பா சின்னான், கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஒல்லியான உடம்பு. வெள்ளைச் சட்டை சலவை மடிப்போடு இருந்தது, மகள் போட்டுவிட்டிருப்பாள். என்னைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“உக்காருங்க சாமி.”

“நீங்க உக்காருங்க” என்றேன். கேட்கவில்லை. மயிலாத்தாள் அவரைத் தோளில் பிடித்து உட்காரவைத்தாள்.

“அப்பா, கணக்கு வாத்தியாருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாமா.”

“உங்க மக பாத்து எழுதலைங்க” என்றேன். அவர் காதில் கைவைத்துக் குனிந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். மூன்றாவது முறை வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னேன். “மயிலாத்தா பாத்து எழுதலைங்க. அது வேற யாரோ போட்ட சீட்டு. அவ போட்ட கணக்கு சரி. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லலை.”

வாளியோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் சைக்கிள் கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். ருக்குமணி எனக்குப் பின்னால் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

பெரியவருக்குக் கேட்டுவிட்டது என்பது தெரிந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. கையை நீட்டி மகளைப் பக்கத்தில் அழைத்தார்.

“நீ பாத்து எழுதலியா சாமி?”

“இல்லீங்கப்பா.”

“நெசமாவா?”

“அப்பவே சொன்னனுங்ளே.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

“அப்பறம் எதுக்கு நாம நிறுத்துனோம்?”

மயிலாத்தாள் இருபத்தேழு வருடத்தில் அழுதாளோ என்னவோ, அப்போது அழுதாள். அவர் நிறுத்தவில்லை, நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். அதை உரக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது.